ஆறு மாசமா சிக்காத திருடன்

அக்கா எழுதிய ஜோக், அக்காவுக்கு முன்னாலேயே வெளியே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் தடவை தற்செயல் என்று விட்டாள். இரண்டாம் தடவை, எல்லா வீட்டு மனிதர்களும் ஒரே மாதிரிதானே, யாருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மூன்றாம் தடவை மனசு தேறுகிற மாதிரி இல்லை.

அது மாமனார் ஜோக். வீடியோ காலிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுகிற மாமனார் அவர். வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளை பத்து வருஷமாக அவர் காதை மட்டுமே பார்த்துப் பழகியவன். விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் அத்தனை பேரையும் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். கடைசியில் ஒருவரிடம் போய், கொஞ்சம் திரும்புங்க, நீங்கதானே மாமா என்கிறான். இதை அக்கா மூன்று நாள் ஊறப்போட்டு எழுதியிருந்தாள். வியாழக்கிழமை வீடியோ வெளியானது. ஆனால் செவ்வாய்க்கிழமையே 'வாய்க்கொழுப்பு' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பேஜில் அதே காது, அதே மாமனார், அதே திரும்புங்க.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அக்காவின் வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் வரிசை கட்டிவிட்டார்கள். சுட்ட சரக்கு என்றார் ஒருவர். யோசிக்க மூளை இல்லையென்றால் கடையைச் சாத்துங்கள் என்றார் இன்னொருவர். அவருக்கு எண்ணூறு லைக். பாத்திரம் திருடுபோனால் அடியில் பேர் வெட்டியிருக்கிறது என்று காட்டலாம். ஜோக் திருடுபோனால் எதைக் காட்டுவது? முதலில் சொன்னவன் கெட்டிக்காரன், இரண்டாவதாகச் சொன்னவன் திருடன். இந்த ஊரில் அவ்வளவுதான் சட்டம்.

அவர்கள் மூன்று பேர். அக்கா எழுதுவாள். அக்காவின் தம்பி நடிப்பான். மாமனார், மாப்பிள்ளை, மாமியார், மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரி எல்லாம் அவனே. மூன்றாமவன் எடிட்டர். தம்பியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டித் தருவதால் அவனுக்குக் கத்திரி என்று பேர். அக்காவின் கணவர் கப்பலில் வேலை செய்கிறவர். வருஷத்தில் எட்டு மாசம் தண்ணீரில். அதனால் அக்காவும் தம்பியும் ஒரே வீடு. கத்திரிக்குத் தனி வீடு, மனைவி உண்டு என்றாலும் சாப்பாடு பாதி நாள் இங்கேதான். அக்கா அவனைத் தம்பியிலிருந்து பிரித்துப் பார்த்ததில்லை. துவைத்துப் போட்ட துணியில்கூட எது யாருடைய பனியன் என்று அவளுக்குக் குழப்பம் வரும்.

வேலை நடந்தது ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்த அறையில். கீழே பெரிய மெஷின் சுற்ற ஆரம்பித்தால் தரை அதிரும். அது நிற்கும்வரை ஒலிப்பதிவு நிற்கும். சுவர் நாலிலும் எதிரொலி வராமலிருக்கப் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் மூன்று காலில் கேமரா. அந்தக் கேமராவை அணைக்கவே மாட்டார்கள். அது கத்திரி கொண்டுவந்த பழக்கம். எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் மனுஷனுக்கு மூஞ்சி மாறிவிடும், நல்ல சிரிப்பு இடைவேளையில்தான் வரும் என்பான். கேமராவின் சிவப்பு விளக்கு கண்ணில் படாமல் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியவனும் அவன்தான்.

அக்காவுக்கும் கத்திரிக்கும் வாராவாரம் ஒரு சண்டை உண்டு. வீடியோ போட்டதும் ஒரு கிராஃப் வரும். எத்தனையாவது வினாடியில் எத்தனை பேர் கைவிட்டுப் போனார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். கத்திரி அதை வைத்துக்கொண்டுதான் வெட்டுவான். ஒருநாள் அக்கா ஆசை ஆசையாக எழுதிய ஆரம்பம் முழுவதையும் தூக்கிவிட்டான். ஏன்டா என்றால், ஏழாவது வினாடியில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள் என்றான். நான் இன்னும் உள்ள வாங்கன்னே சொல்லலையேடா என்றாள் அக்கா. இப்போதெல்லாம் வாங்க என்று சொல்கிற வீட்டுக்கு யாரும் வருவதில்லை அக்கா, நேராக அடுப்படியில்தான் நுழைகிறார்கள் என்றான். அன்றைக்குச் சிரித்தாள். ஆனால் அது உள்ளே எங்கேயோ தங்கிவிட்டது. நிதானமாக, படிப்படியாக ஏற்றிக்கொண்டுபோய் மேலேயிருந்து தள்ளிவிடுகிற ஜோக்தான் அவளுக்கு வரும். அதில் படியையெல்லாம் எடுத்துவிட்டுத் தள்ளுவதை மட்டும் வைத்துக்கொள்கிறவனை எத்தனை நாள் பிடிக்கும்?

மாமனார் ஜோக் விவகாரத்துக்கு மறுநாள், கம்பெனி மேடம் போன் செய்தார். பெரிய ஓ.டி.டி. கம்பெனி அது. பத்து எபிசோடு எடுக்கலாம் என்று ஒரு மாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடம் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்பப் பதமாக, இன்னொரு தடவை இப்படி ஒரு பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று சொன்னார். நாலு வருஷம் மூன்று பேர் கம்பளிக்குள் வெந்ததெல்லாம் இந்தப் பத்து எபிசோடுக்காகத்தான்.

அன்றிலிருந்து அவள் கண் கத்திரிமேல் விழுந்தது. அவள் சேர்த்துவைத்த சாட்சியங்களைக் கேளுங்கள். அக்கா உள்ளே வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறான். யாராவது கூப்பிட்டால் எழுந்து படிக்கட்டுக்குப் போய்ப் பேசுகிறான். புதுசாக ஒரு ஹெட்போன் வாங்கியிருக்கிறான். தனியாக உட்கார்ந்து சிரிக்கிறான், என்னடா என்றால் ஒன்றுமில்லை என்கிறான். இதில் எதை நீங்களும் நானும் செய்வதில்லை? ஆனால் ஒருவன்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவன் தும்மினாலும் யாருக்கோ சைகை செய்கிற மாதிரிதான் இருக்கும். தம்பிமேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தம்பியைச் சந்தேகப்படுவதா? தன் இடது கையை வலது கை சந்தேகப்படுமா?

அக்கா ஒரு பொறி வைத்தாள். புதுசாக ஒரு ஜோக் எழுதிக் கத்திரிக்கு மட்டும் அனுப்புவது, வேறு யார் கண்ணிலும் காட்டுவதில்லை, அது 'வாய்க்கொழுப்பு' பேஜில் வந்தால் ஆள் அகப்பட்டான். திட்டம் சுத்தம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது, அது அவள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. எந்த ஜோக்கையும் பேப்பரில் எழுதுவதற்கு முன்னால் தம்பியிடம் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். எப்போது சொன்னாள், எங்கே நின்று சொன்னாள் என்றுகூட அவளுக்கு நினைவிருக்காது. தம்பியிடம் சொல்வது அவளுக்குச் சொல்வதாகவே படாது. எழுதுவதற்கு முன்னால் பேனாவை உதறிப் பார்ப்பது மாதிரி அது.

அன்றைக்கும் தட்டுக் கழுவிக்கொண்டே சொன்னாள். தம்பி பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். "வாசலுக்கு கேமரா வாங்கி மாட்டுனேன். ஆறு மாசமா ஒரு திருடன்கூட சிக்கல. தினமும் லேட்டா வந்து சிக்குறது நான் ஒருத்தன்தான்." தம்பி புன்னகை செய்தான். நல்லாருக்குக்கா என்றான். கடைசித் தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனான். மறுநாள் காலையில் அக்கா அந்த ஜோக்கை உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது ஆறு மாசம் குறைச்சலாகத் தோன்றியது. ஒரு வருஷம் என்று மாற்றினாள். கத்திரிக்கு மட்டும் அனுப்பினாள். தம்பிக்கு அனுப்பவில்லை என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லியும் கொண்டாள்.

மறுநாளே அது 'வாய்க்கொழுப்பு' பேஜில் வந்துவிட்டது. வாசல், கேமரா, திருடன், லேட்டா வர்றவன், எல்லாம் அப்படியே. ஒரு வருஷம் மட்டும் ஆறு மாசம் என்று இருந்தது. அக்கா அதைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். திருடிய வண்டிக்கு வேற பெயிண்ட் அடிக்கிற புத்தி, வேறென்ன.

கத்திரி வருவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். தம்பியும் இருந்தான். அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. பாவம், சிநேகிதனைப் பற்றிக் கேட்டதும் பேச்சு வரவில்லை என்று அவளே அவனுக்காக வருத்தப்பட்டாள். கேமரா எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும்போல என்று சொல்வது முழு உண்மை இல்லை. அதைக் கத்திரியின் நாற்காலிப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தாள். நாளைக்கு இல்லை என்று சாதித்தால் ஒரு ஆதாரம் வேண்டுமே.

கத்திரி வந்து பையை இறக்குவதற்குள் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் படித்தான். இது நேற்று நீங்கள் அனுப்பியதாச்சே என்றான்.

"உனக்கு மட்டும்தான் அனுப்புனேன்."

"எனக்கு மட்டுமா? அவனுக்கு?"

"அவனுக்கு அனுப்பல. யாருக்குமே அனுப்பல. இப்ப சொல்லு."

கத்திரி தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான். கீழே மெஷின் சுற்ற ஆரம்பித்துத் தரை அதிர்ந்தது. அது நிற்கும்வரை பழக்கதோஷத்தில் மூன்று பேரும் பேசாமல் இருந்தார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் கத்திரியின் பார்வை அறையைச் சுற்றிவந்து கேமராவில் நின்றது. அது திரும்பியிருக்கிறது என்று, தினமும் அதை நிறுத்துகிறவனுக்குத் தெரியாதா? எழுந்து போய் அதன் பின்பக்கத் திரையைப் பார்த்தான்.

"இதையும் எடுக்குறீங்களா?"

கத்திரி லென்ஸ் வளையத்தைக் கொஞ்சம் திருகினான். "நீங்க மங்கலா விழுறீங்கக்கா. இப்ப சரியா இருக்கு" என்றான். அதைக் கிண்டலாகச் சொன்ன மாதிரியும் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து தன் மவுஸை மட்டும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் அக்கா கொஞ்சம் ஆடிப்போயிருப்பாள். பேசாமல் போனதே அவளுக்கு வாக்குமூலமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஜோக் எதுவும் வெளியே போகவில்லை. ஒரு வாரம், பத்து நாள், 'வாய்க்கொழுப்பு' பேஜில் தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பார்த்தாயா, பார்த்தாயா என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். தம்பி தலையை ஆட்டுவான். எடிட்டிங்கை அவளே கற்றுக்கொண்டு செய்தாள். இனிமேல் யாரும் தன் ஜோக்கின் படியைப் பிடுங்க முடியாது என்று ஒரு வீம்பு. ஆனால் கிராஃப் என்னவோ மலையிலிருந்து உருண்ட மாதிரி இறங்கியது. அதைவிடப் பெரிய கவலை தம்பி. கேமரா முன்னால் அவன் செத்துப்போயிருந்தான். வசனத்தைச் சொல்லிவிட்டு, சரியாக வந்ததா என்று கேட்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியின் முகத்திலும் அதே பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி மேடம் மறுபடி போன் செய்தார். திருட்டுப் பேச்சு அடங்கிவிட்டதில் சந்தோஷம் என்றார். ஆனால் புது வீடியோக்களில் பழைய வேகம் இல்லை, எடிட்டரை மாற்றினீர்களா என்று கேட்டார். பழைய ஆள் திரும்ப வந்தால் திங்கட்கிழமையே பத்து எபிசோடுக்கும் சரி சொல்லிவிடுகிறோம் என்றார். அக்கா பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். பார்ப்பதாவது. அந்தத் திருட்டுப் பயல் காலில் போய் விழுவதைவிடச் சலவைக் கடையில் துணி மடித்துப் பிழைக்கலாம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

ஜனங்கள் இப்போது எதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று அன்றைக்கு மத்தியானம் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகத் திறந்தாள். ஒருவர் கார் கழுவுகிறார். பேச்சே கிடையாது, வெறும் நுரை. அதை முப்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று கமென்டுகளுக்குப் போனாள். எல்லாவற்றுக்கும் மேலே, பதினோராயிரம் லைக்கோடு, ஒன்று நின்றிருந்தது.

வாசலுக்கு கேமரா வாங்கி மாட்டுனேன். ஆறு மாசமா ஒரு திருடன்கூட சிக்கல.

கடைசி வரி வரைக்கும் அவள் ஜோக். கார் கழுவுகிறதுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதியவன் பேர் 'ஓரமா நிக்கிறவன்'. படம் கிடையாது. அக்கா அந்தப் பேரை அழுத்தி உள்ளே போனாள். நாலு மாசமாக அந்த ஆள் வேறு எதுவும் செய்யவில்லை, ஊர்ப்பட்ட வீடியோக்களின் கீழே போய்க் கமென்ட் மட்டும் எழுதியிருந்தான். எல்லாம் அவள் ஜோக். மாமனார் காது இருந்தது. மேனேஜரின் மூக்குக் கண்ணாடி இருந்தது. சிரிப்பு வராதது என்று அவளே கைவிட்டு, எழுதாமலே விட்டவைகூட இருந்தன. லைக் வாங்காதது மட்டும் ஒன்றுகூட இல்லை, அழித்திருப்பான். கேமரா ஜோக்கின் தேதியைப் பார்த்தாள். கத்திரிக்கு அனுப்பியதற்கு முந்தின நாள். நேரத்தைப் பார்த்தாள். தட்டுக் கழுவி முடித்துப் பத்து நிமிஷம்.

ஆறு மாசம் என்று அவள் எழுதவே இல்லை. வாயால் சொன்னாள். ஒரே ஒருவனிடம்.

கோபம் வரவில்லை. முதலில் வந்தது பயம். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள். பிறகு எழுந்து தம்பியின் அறைக்குப் போய்ப் போனை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்த்ததும் மறைக்கவோ மறுக்கவோ இல்லை. ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவன் மாதிரி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். 'வாய்க்கொழுப்பு'க்காரனை அவனுக்குத் தெரியாது. அந்தப் பேஜ் நடத்துகிறவன், எங்கெங்கே கமென்டுக்கு லைக் குவிகிறதோ அங்கெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகிறவன். இவன் எழுதியதையும் பொறுக்கியிருக்கிறான். அக்காவின் ஜோக்கைக் கேட்டதும் தம்பி அதை யார் வீடியோவின் கீழேயாவது போட்டுப் பார்ப்பான்; ஆயிரம் லைக் தாண்டினால்தான் அதை நடிக்கத் தைரியம் வரும். நாலு மாசமாக இப்படித்தான். கத்திரி போன பிறகு ஒன்றும் போடவில்லை.

"எதுக்குடா? என்கிட்ட கேட்டா நான் சொல்ல மாட்டேனா நல்லாருக்கா இல்லையான்னு?"

"நீ சொன்னா எனக்கு சிரிப்பு வருதுக்கா. ஆனா அது சிரிப்புதானான்னு தெரியல. ஆயிரம் பேரு சிரிச்சாத்தான் எனக்கு வந்தது சரியான சிரிப்புன்னு நம்பிக்கை வருது."

அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இவன் மூன்று வயசில் அவள் மூக்கைச் சுளித்தால் உருண்டு உருண்டு சிரித்தவன். கத்திரி வெளியே போன அன்றைக்கு உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். நீ விஷயத்தைச் சொன்னபோதே நான் போட்டதுதான் என்று புரிந்துவிட்டது, சொல்ல வாய் வரவில்லை என்றான். அவனை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் கத்திரியை வெளியே அனுப்பியது இவன் வாய் இல்லை, தன் வாய் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அப்போதே கிளம்பினார்கள். வழியெல்லாம் அக்காவை ஒன்று அரித்துக்கொண்டே வந்தது. காலையில் கம்பெனியிலிருந்து போன் வராமல் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாகக் கிளம்பியிருப்பேனா? கிளம்பியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். இரண்டு தெரு தாண்டி, மறுபடியும் சொல்லிக்கொண்டாள். தன் சொல்லையே தான் நம்புவதற்கு இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கத்திரியின் வீடு நாலாவது மாடி. அவன் மனைவி கதவைத் திறந்தாள். முகம் சுருங்கியது, ஆனாலும் வாங்க என்றாள். கத்திரி ஒரு மேசை நாற்காலிக் கடையின் விளம்பரத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு சோபா நின்றது. அக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வளைந்து நெளிந்து எங்கெங்கோ போய்விடும் என்று பயந்தாள்.

"என் தப்புடா. நீ எடுக்கல. தெரியாம பழி போட்டுட்டேன். மன்னிச்சிடு."

தம்பியும் பக்கத்தில் வந்து நின்றான். நான்தான்டா கமென்ட்ல போட்டேன் என்று ஆரம்பித்து, கார் கழுவுகிற வீடியோ வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தான். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டான். அக்காவும் அழுதாள். கத்திரி இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் கண் அக்காவின் கைப்பைக்குப் போனது. அதன் ஜிப் திறந்திருக்கிறதா என்று பார்த்தது. பிறகு தம்பியின் சட்டைப் பைக்கு வந்து நின்றது. பையில் போன் நிமிர்ந்து நின்றது, லென்ஸ் வெளிப்பக்கம். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள்.

"நல்லா பண்றடா" என்றான் தம்பியிடம். "நீ எப்பவுமே நல்லாதான் பண்ணுவ."

தம்பிக்குப் புரியவில்லை. கத்திரியின் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் அவசரமாக நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான் கத்திரி. பொய் சொல்ல அக்காவுக்கு நாக்கு எழவில்லை. உன் எடிட்டிங் வேண்டுமாம், திங்கட்கிழமை கையெழுத்தாம் என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. அதுக்காக வரலடா என்று கூடவே சொன்னாள். சொல்லச் சொல்ல அதற்காகவே வந்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

கத்திரி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தம்பியின் சட்டைப் பையைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா எனக்குக் கூடப்பொறந்த அக்கா மாதிரி" என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "கோவத்துல ஒரு வார்த்த வரும், போகும். எனக்கு மனசுல ஒண்ணுமே இல்ல. மன்னிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு."

ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. பேசி முடித்த பிறகும் அந்தச் சிரிப்பை இரண்டு வினாடி அப்படியே வைத்திருந்தான். வெட்டுகிறவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, பேசுகிறவர்களைக் கடைசியில் இரண்டு வினாடி அசையாமல் இருக்கச் சொல்வது அவன்தான். இரண்டு வினாடி ஆனதும் சிரிப்பு அணைந்தது.

"போதுமாக்கா?" என்றான் தன் சொந்தக் குரலில்.

"கேமரா இல்லடா. சத்தியமா இல்ல."

"அன்னைக்கும் அது என் பக்கம் திரும்பலன்னுதான் நெனச்சு உள்ள வந்தேன்."

அவன் திரும்பி சோபாவை வெட்டப் போய்விட்டான். அவன் மனைவி கதவு வரைக்கும் வந்தாள். எங்க முகத்தையெல்லாம் போடாதீங்கக்கா என்று மெல்லச் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

படிக்கட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு படி கீழே நின்றான். அக்கா அவனை ஏதோ கேட்க வாயெடுத்தாள், அவள் கண் அதற்கு முன்னால் அவன் சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவள் வேண்டுமென்று பார்க்கவில்லை. தானாகப் போனது. தம்பி அதைப் பார்த்தான்.

"நீயுமாக்கா?" என்றான்.

தம்பி போனை உருவி எடுத்து அவள் கையில் வைத்தான். திரை கறுப்பாக இருந்தது. அக்கா பொத்தானை அழுத்திப் பார்த்தாள். எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. அவள் நிமிர்வதற்குள் தம்பி ஒரு மாடி இறங்கியிருந்தான்.